மச்சானின் காலில் போட்ட முடிச்சு

நான் கட்டிய கயிறு எதுவும் இதுவரை தானாக அவிழ்ந்ததில்லை. துறைமுகத்தில் கப்பல் கரையணையும்போது எறிகிற கயிற்றை வாங்கிக் கட்டுவதுதான் பதினைந்து வருடமாக என் தொழில். அதில் எனக்குத் திமிரும் உண்டு. என் முடிச்சை யாராவது ஆட்டிப் பார்த்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் தங்கச்சியின் புருஷனுக்கு அலைமேல் ஏறி நின்று சறுக்குகிற அலைப்பலகைப் பைத்தியம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன பலகை. வாடைக்காற்றில் கடல் எழும்பிவிட்டால் ஞாயிறு காலையில் மச்சானை லிங்கநகர் வீட்டில் பிடித்துவைக்க ஏலாது. நானும் கூடப் போவேன். நான் நீந்துவேன், அவன் பலகையில் நிற்பான். பலகை இல்லாவிட்டால் அவனுக்கு நீச்சல் அரைகுறைதான்.

இது நடந்ததற்கு முந்திய ஞாயிறு, டச்பே கடற்கரையில், பலகையைக் காலோடு பிணைக்கிற கால்பட்டி அறுந்துபோனது. பலகை தனியே ஓடிவந்து கரையில் நின்ற ஒரு பிள்ளையின் வாயில் அடித்து, பல் உடைந்து இரத்தம். சனம் மச்சானைச் சூழ்ந்துகொண்டது. கயிறு இல்லாமல் இனி இந்தப் பக்கம் கால் வைக்காதே என்று பேசிவிட்டார்கள். பேசியது நியாயம்தான். புதுப்பட்டிக்குக் கொழும்பில் சொல்லியிருப்பதாக மச்சான் சொன்னான்.

"ஒட்டுற பட்டி மச்சான். அவசரமெண்டால் ஒரு இழுவையில கழண்டிடும்."

"கழருறதெண்டால் ஏன் கட்டவேணும்?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அறைய வேண்டும் போல இருக்கிறது.

தை மாதம். மழை விட்டிருந்த காலை. புதுப்பட்டி இன்னும் வந்துசேரவில்லை. நாங்கள் புறப்படும்போது தங்கச்சி வாசல் படலை வரை வந்தாள்.

"அண்ணா, நீங்களே வடிவா இறுக்கிக் கட்டிவிடுங்கோ. பலகை கையைவிட்டுப் போனால் இவருக்கு நீந்தி வர ஏலாது."

கடற்கரையில் மண் போட்டால் மண் விழாத சனம். நான் நைலோன் கயிற்றைப் பலகையில் கோத்து, மறுமுனையை அவனுடைய கணுக்காலில் சுற்றி, கப்பல் கட்டுகிற கவனத்தோடு முடிச்சுப் போட்டேன்.

"கால் நோகுது, கொஞ்சம் இளக்கிவிடு மச்சான்."

"பேசாமல் நில்லு. கப்பலையே பிடிச்சு வைக்கிற கட்டு, உன்னைப் பிடிக்காதோ?"

குளிக்கிறவர்களுக்கு நடுவே பலகை விட இடமில்லை. அவன் விலகி விலகி, கோட்டைப் பக்கத்துப் பாறைகளை நோக்கிப் போனான். மூன்று அலையில் நின்றான். நான்காவதில் விழுந்தான். பிறகு பலகை மட்டும் தண்ணீரில் செங்குத்தாக எழும்பி நின்றது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். என்ன கூத்துக் காட்டுகிறான் இவன் என்று நானும் சிரித்தேன்.

அலைகள் வந்து போயின. பலகை நின்ற இடத்திலேயே நின்றது. மச்சானின் தலை மேலே வரவில்லை.

நீந்திப்போய் மூழ்கினேன். கயிறு பாறை வெடிப்புக்குள் சிக்கி, விறைத்துக் கிடந்தது. மச்சானின் இரண்டு கையும் கணுக்காலில், என் முடிச்சில் இருந்தன. நானும் அதைப் பிடித்து இழுத்தேன். நனைந்து இறுகிய நைலோன் நகத்துக்குள் ஏறியதே தவிர அசையவில்லை. கட்டிய எனக்கே அவிழ்க்க ஏலவில்லை. மேலே வந்து "கத்தி! கத்தி!" என்று கத்தினேன். மறுபடி மூழ்கினேன். கிண்ணியாவில் இருந்து கரைவலை இழுக்க வந்திருந்த ஒரு முஸ்லிம் நானா கத்தியோடு நீந்திவந்து கயிற்றை வெட்டும்போது மச்சானின் கைகள் முடிச்சை விட்டிருந்தன.

மணலில் போட்டு நெஞ்சை அமுக்கினோம். ஒன்றும் இல்லை. நானா காலில் முடிச்சோடு கிடந்த மிச்சத்தையும் வெட்டி, என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார்.

மரண விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தங்கச்சி அன்றைக்கு எழும்பி நடக்கிற நிலையில் இல்லை; நான் சொன்னது அவள் காதுக்குப் போகவும் இல்லை. அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலில், அவள் என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பிவிட்டிருந்தாள்.

"இறுக்கிக் கட்டச் சொன்னனானே அண்ணா! கட்டினீங்களோ? சொல்லுங்கோ, கட்டினீங்களோ?"

முடிச்சு என் சேட்டுப் பையில் ஈரத்தோடு இருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் தன் வாயால் சொன்ன சொல்லைத்தான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தாங்காது.

"கட்டினனான். அவிழ்ந்துபோச்சு. பலகை போயிட்டுது."

அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். கப்பல் கட்டுகிற கை என்று பெருமை அடிப்பீர்களே என்று கேட்டாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

முடிச்சு என் அலுமாரியில் இருக்கிறது. வேலையில் இப்போதும் நான் கட்டியதை யாரும் குறை சொல்வதில்லை. தங்கச்சி என்னோடு கதைப்பதில்லை. மச்சானின் போன வருடத் திவசத்தன்று எனக்குச் சோறு போட்ட அவனுடைய தாய், என்னடி நடந்தது, தமையனோடு ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டார். தங்கச்சி என்னைப் பாராமல் சொன்னாள்.

"அண்ணா அண்டைக்கு வடிவாக் கட்டேல்லை, மாமி."

கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் மாமி," என்றேன். "வடிவாக் கட்டேல்லை."