அப்பாவின் இல்லாத கை

என் அப்பாவுக்கு வலித்தது இல்லாத கைதான். இருக்கிற கையைப் பற்றி அவர் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் வெறும் காற்று. அந்தக் காற்றுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாட்டிய கொழுந்தை அரைத்துச் சுருட்டுகிற பெரிய இயந்திரத்தில் அப்பா நின்றார். நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், அந்த இயந்திரம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். புண் ஆறியது, தோல் மூடியது. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகு அந்தக் கை திரும்பி வந்தது.

அப்பாவுக்கு மட்டும்தான் வந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. "மூடிக்கிட்டு இருக்கு புள்ள. என்ன செஞ்சாலும் தொறக்க மாட்டேங்குது" என்று அம்மாவிடம் சொல்வார். இறுக்கி மூடிய முஷ்டியாக அது அங்கே இருந்ததாம். கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததாம். நகங்கள் உள்ளங்கைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தனவாம். சொல்லும்போதே அவர் நெற்றியில் வியர்வை துளிர்க்கும். குளிரில் நாங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிற நேரத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் வேர்க்கும்.

அதனால் நாங்கள் குடியிருந்த காம்பராவில் ஒரு சட்டம் உண்டாயிற்று. அப்பாவின் வலப்பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, நடக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒன்றுமில்லைதான். ஆனாலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது நான் அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒருமுறை என் பாவாடை அந்தக் காற்றில் பட்டுவிட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அன்று எனக்கு வந்தது பயம் மட்டுமல்ல, பக்தி மாதிரி ஏதோ ஒன்றும்தான். கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு ஒரு பெரிய ஆளை அழவைக்கக்கூடியது சாமியாகத்தானே இருக்க வேண்டும்?

லயத்தின் வரிசை வீடுகளில் மற்றவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஸ்டோரில் இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. கையை எடுத்துக்கொண்டவர் அவர்தான், பூசையில் ஏதோ குறை, அதனால்தான் இன்னும் விடாமல் பிடித்து நசுக்குகிறார் என்றார்கள். அம்மா ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். முனி சேவலையும் வைத்துக்கொண்டார், கையையும் விடவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரைகளைச் சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு மாத்திரைக்கும் வலிக்கும் பழக்கமாகிவிட்டது போல, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன.

அப்போதுதான் பாஸ் வந்தார். ஸ்டோரில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற சிங்கள மனிதர் அவர். தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்று கூப்பிடுவது வழக்கம். கை மாட்டிய அன்று இயந்திரத்தை நிறுத்தி அப்பாவை விடுவித்தவரும் அவர்தான். எங்களுடைய தமிழையே எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

"மச்சான், எங்க ஊர்ல ஒரு ஆயுர்வேத டொக்டர் நோனா இருக்காங்க. எங்கம்மாவுக்கு இடுப்பு வலிக்கு அவங்கதான் பாக்குறாங்க. ஒருக்கா வந்து காட்டுங்க" என்றார். பெண்களை மரியாதையாக நோனா என்பார்கள் சிங்களத்தில்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் நால்வரும் ரயில் ஏறினோம். வலப்பக்கம் சுவராக இருக்கிற மாதிரி ஓர் இருக்கையைப் பாஸ் அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்தார். வட்டவளையைத் தாண்டி ரயில் இறங்க இறங்கக் குளிர் விட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பா கண்ணை மூடினார். நாவலப்பிட்டியில் இறங்கி, பஸ் ஏறி, ஆற்றோரமாக இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம்.

டொக்டர் நோனாவுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். அறை முழுக்க நெய்யும் காய்ந்த இலையும் கலந்த ஒரு வாசம். அவர் அப்பாவின் மொட்டைக் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகளைப் படித்தார். பிறகு இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"கண்ணை மூடுங்க. அந்தக் கை இப்ப எங்க இருக்கு?" அவருடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முஷ்டி மேசையின் ஓரத்தில் இருக்கிறது. கட்டைவிரல் உள்ளே. சுண்டுவிரல்தான் ஆக மோசம், நெருப்பில் வைத்த மாதிரி. டொக்டர் நோனா மேசையின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மரத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவர் பார்த்த விதத்தைக் கண்டு நானும் எட்டிப் பார்த்தேன்.

"வலி உண்மை. நீங்க பொய் சொல்லல்ல, பைத்தியமும் இல்ல" என்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருந்து கொடுப்பதற்கு முன்பே அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டதை நான் கண்டேன்.

பிறகு டொக்டர் நோனா சிங்களத்தில் நீளமாகப் பேசினார். பாஸ் அதை அம்மாவுக்குத் தமிழில் சுருக்கமாகச் சொன்னார். மருந்து ஒரு லேகியம். நல்ல மருந்து. சுண்டைக்காய் அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு, சூடான பாலோடு. இதைச் சாப்பிட்டுக்கொண்டு சாராயம் குடிக்கக் கூடாது. புள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆஸ்பத்திரி மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. முழுசாகப் போகாது, குறையும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்ற நம்பிக்கையில் பாஸ் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். எந்தப் பாஷையில் சொன்னாலும் அம்மாவுக்கு விளங்கக்கூடிய சொல் அது ஒன்றுதான்.

"கஞ்சாவா?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

என் தாய்மாமன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கே அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டில் இருந்த பித்தளைச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. கடைசியில் மாமாவும் காணாமற்போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை.

டொக்டர் நோனா கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவை உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிக்கொண்டு பேசினார். "ரோட்டுல விக்கிறது வேற, அக்கா. இது எங்களுக்கு கவர்மெண்ட் தாறது. நெய்யில சுத்தம் செஞ்சி, அளந்து போட்டிருக்கு. நான் எழுதிக் குடுத்த ஆளுக்கு மட்டும்தான்."

அம்மா போத்தலை வாங்கிக்கொண்டாள். வாங்காவிட்டால் மரியாதை இல்லை என்றுதான் வாங்கினாள். திரும்பி வரும் வழி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பாஸ் தன் மொழிபெயர்ப்பில் தவறொன்றும் இல்லை என்று ரயிலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் போத்தல் சாமித் தட்டில், முருகன் படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அதை எடுக்க அப்பாவுக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் முழுக்க மழை. மழை வந்தால் அந்தக் கைக்கு வெறி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கதவு நிலையில் மொட்டைக் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. சத்தம் போட்டால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்குமே என்று அடக்கியடக்கி அவருக்குப் பழகிப்போயிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மிகவும் அமைதியாக, தேத்தண்ணி கேட்கிற குரலில், அம்மாவிடம் சொன்னார்.

"அந்தக் கவ்வாத்துக் கத்திய எடு புள்ள. இன்னுங் கொஞ்சம் மேல வெட்டிட்டா போயிரும்."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அந்தக் கத்தி கதவுக்குப் பின்னால்தான் சொருகியிருந்தது. அம்மா கத்தியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கத்தியை உருவி, முதலில் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். "என்னமோ நடக்குறது நடக்கட்டும்" என்று முருகனிடமா அப்பாவிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டு, சுண்டைக்காய் அளவு எடுத்து உருட்டி, அப்பாவின் வாயில் தானே ஊட்டினாள்.

பிறகு காவல் தொடங்கியது. அம்மா சட்டி பானைகளை எட்டாத இடத்தில் ஒதுக்கி வைத்தாள். அப்பா பாடத் தொடங்கினாலோ, ஓடத் தொடங்கினாலோ பாஸைக் கூட்டிவர நான் தயாராக வாசலில் நிற்க வேண்டும் என்று கட்டளை. நான் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பாடவில்லை, ஓடவுமில்லை. பால் கோப்பையை வைத்துவிட்டு, பலகையில் சாய்ந்து, ஏதோ யோசிக்கிறவர் போல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குறட்டை விட்டார். மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. அம்மா அந்தக் குறட்டையையும் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய எழுந்தவர், "ரொட்டி இருக்கா? பசிக்குது" என்றார்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் தூக்கமும் பசியும் வந்தன. சில நாட்கள் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மா ஒரு பொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். போத்தலைத் திறக்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். பிறகு ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்று, காற்றைப் பார்த்துச் சொன்னார்: "சுண்டு வெரல் வெளிய வந்துருச்சு."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அந்தச் செய்தியைச் சொன்னேன். டீச்சருக்கும் சொன்னேன். கொஞ்ச நாளில் மோதிர விரலும் விடுபட்டது. அதையும் சொன்னேன். எந்த விரல் வந்திருக்கிறது என்று வகுப்பில் காலையில் விசாரிப்பார்கள். ஒரு லேகியம் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து புறப்பட்டு, மலையெல்லாம் இறங்கி, ஸ்டோருக்குப் போய், முனியின் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரிய, பிசுபிசுப்பான, நெய் மணக்கிற அந்த மருந்துக்கு இவ்வளவு தூரம் வழி எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு விளங்காத அதிசயமாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்ப் பீலியில் விளையாடிவிட்டு ஓடி வந்தேன். வழக்கம் போல அவருடைய இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன்.

"பாப்பா, இந்தப் பக்கம் வா" என்றார் அப்பா. வலப்பக்கத்தைக் காட்டினார்.

நான் தயங்கினேன்.

"வா. முழுசா தொறந்துருச்சு." மடியில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்க்கிறவர் போல, அசையாமல் அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் கைய இதுல வையி."

"எங்கப்பா?"

"இன்னுங் கொஞ்சம் கீழ. ஆ... அங்கதான்."

நான் காற்றில் கையை வைத்தேன். விரல்களை அசைக்கவே பயமாக இருந்தது. கோயிலில் சாமியைத் தூக்கி வரும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் கையை எடுக்க மனம் வரவில்லை.

"சில்லுன்னு இருக்கே. பீலியில வெளையாண்டியா?" என்றார்.

என் பாவாடை நனைந்திருந்ததை அவர் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவருடைய கை என் கையைத் தொட்டது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. "அம்மா, அப்பா என்னைத் தொடுறாரு!" என்று கத்தினேன்.

அம்மா ரொட்டியைத் திருப்பிய கையோடு வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னை மெதுவாக நகர்த்திவிட்டு, படியில் அப்பாவின் வலப்பக்கமாக உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். இடம் எது என்று அப்பா அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நேராக அங்கேயே வைத்தாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன புள்ள, ஒன் வெரல்ல இவ்வளவு காய்ப்பு" என்றார்.

"கொழுந்து பறிக்கிற கை பின்ன எப்படி இருக்குமாம்" என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைக்க அவளுக்கு இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதையும் அவள் தூக்கவில்லை.

அந்த வலி அதற்குப் பிறகும் மழைக்கு மழை வந்தது. ஆனால் கத்தி கேட்கிற அளவுக்கு வரவில்லை. அப்பா தேயிலை நாற்று மேட்டில் காவல் வேலைக்குப் போனார். நாங்கள் மாதாமாதம் ரயிலில் போய் மருந்து வாங்கி வந்தோம். இவையெல்லாம் பிறகு நடந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்கு வலி விட்ட அந்த நிமிஷத்திலேயே அம்மா அழுகிறாள் என்பதுதான். வலி அவருடைய கையிலிருந்து இறங்கி அம்மாவின் கைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். நாளைக்கு அவளுக்கும் ஒரு சுண்டைக்காய் அளவு கொடுக்க வேண்டும், அதை யார் உருட்டிக் கொடுப்பது என்று யோசித்தபடி உள்ளே போய், அடுப்பில் கருகிக்கொண்டிருந்த ரொட்டியை எடுத்து வைத்தேன்.