ரஜப் மாதத்துக் கவாத்து

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த ஹயாத் பாஷா, 1899ஆம் வருஷம் பெங்களூரிலிருந்து நசீமுன்னிசாவைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு மண்தொட்டியும் ரயிலேறி வந்தது. தொட்டியில் முழங்கை உயரத்துக்கு ஒரு பன்னீர் ரோஜாச் செடி. அவள் அம்மா சுகரா பேகம் தன் வீட்டுச் செடியின் குச்சியை நட்டு வளர்த்துக் கொடுத்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மா மகளைக் கொல்லைக்கு அழைத்துப் போய், பெரிய செடியைக் கத்திரியால் வெட்டிக் காட்டினாள். "ரஜப் மாசம் கவாத்து பண்ணிடு. கை கூசாம வெட்டு. வெட்டினாத்தான் பூக்கும்," என்றாள். அந்த அம்மாள் ஆம்பூருக்கு ஒரு முறையாவது வந்து மகள் குடித்தனம் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மறு வருஷமே நெஞ்சுச்சளி அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் நசீமுன்னிசாவுக்கு, ஆம்பூர்க் கொல்லையில் தொட்டியிலிருந்து மண்ணில் இறக்கி வைத்த அந்தச் செடிதான் அம்மா. ரஜப் பிறை தெரிந்ததும் கத்திரியை எடுத்துவிடுவாள். முதல் சில வருஷங்கள் செடி கொட்டிப் பூத்தது. நாளெல்லாம் பச்சைத்தோல் நாற்றத்தில் கிடந்துவிட்டு வரும் ஹயாத் பாஷா, நேராகக் கொல்லைக்குப் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கை கால் கழுவுவார். அவருடைய அக்கா அக்தரி பேகம், அந்தப் பூவில் போட்ட குல்கந்தைக் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்தாள்.

பிறகு என்ன ஆயிற்றோ, செடி மெல்ல மெல்லச் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. ஒரு வருஷம் மொட்டெல்லாம் மழையில் அழுகி உதிர்ந்தது. பின்னொரு வருஷம் இலை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அதற்கும் பிறகு, வெட்டின இடத்திலிருந்து கிளை கீழ்நோக்கிக் காயத் தொடங்கியது.

நசீமுன்னிசாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோல் ஊறப்போடும் குழிகளிலிருந்து கசிந்து கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்து, குடிக்க வாங்கும் பாலாற்று ஊற்றுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். குடிக்கத்தான் தண்ணீர் குறைந்தது. தோல் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டையை எரு என்று ஒருவர் சொன்னார், விஷம் என்று இன்னொருவர் சொன்னார். ஒரு வருஷம் போட்டாள், மறு வருஷம் வாரி எறிந்தாள். ஒவ்வொரு காரணமும் கண்டுபிடித்தபோது சரியாக இருந்தது. அடுத்த ரஜப்பில் பல்லிளித்தது.

அக்தரி பேகத்துக்கு மட்டும் குழப்பமே இல்லை. "உன் கைராசி அப்படி," என்றாள். ஒரு தடவை சொன்னால் போதாதா? ஊறுகாய் போடும்போதெல்லாம் சொன்னாள். கேட்டுக் கேட்டு நசீமுன்னிசாவும் தன் உள்ளங்கையை அவ்வப்போது திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறோமே, அப்புறம் ஏன் என்று நினைத்தால் அவளுக்கு அழுகைதான் வந்தது.

இப்படியே கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷம் ஹயாத் பாஷா ஒரு முடிவோடு வந்தார். கொல்லையில் செடி நிற்கும் இடத்தில் ஓர் அறை கட்ட வேண்டும்.

"பக்ரீத்துக்குள்ள ரூம் எழும்பணும். குர்பானி ஆட்டுத் தோலெல்லாம் ஒரே நேரத்துல வந்து குவியும். எங்க போடறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். "பூக்கற செடியா இருந்தா நானே விட்டுடுவேன். நாலு முள்ளு குச்சிக்காக வியாபாரத்த வுட முடியுமா?"

"இந்த ரஜப்ல ஒரு தடவ வெட்டிப் பாக்கறேங்க. பூக்கலன்னா புடுங்கிடலாம்," என்று கெஞ்சினாள்.

ரஜப் பிறந்தது. கத்திரியோடு செடிமுன் உட்கார்ந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வெட்டப் பயமாகவும் இருந்தது, வெட்டாமலிருக்கப் பயமாகவும் இருந்தது. பக்கத்துச் சுவர் நிழலில் விசிறியோடு உட்கார்ந்திருந்த ஹயாத் பாஷா, பாவப்பட்டுப் பேச்சுக் கொடுத்தார். "உங்கம்மா எப்படித்தான் வெட்டுவாங்க? சொல்லு, பாப்போம்."

"விடிஞ்சதும் வெட்டுவாங்க. சால்வைய இழுத்துப் போத்திக்குவாங்க. பனியில எலையெல்லாம் நனைஞ்சிருக்கும். பாதி வெட்டிட்டு, கை மரத்துப்போச்சுன்னு அடுப்பாண்ட வந்து..."

விசிறி நின்றது.

"சால்வையா? ரஜப்லயா?"

"ரஜப்லதான்," என்று சொன்னவள், கத்திரியின்மேல் சொட்டிய தன் வேர்வையைப் பார்த்தாள்.

நீங்கள் சிரிக்கலாம். பிறைக் கணக்கு மாதங்கள் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும் என்பது ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புதுப்பெண்ணாக வந்தபோது குளிர்ந்த நாளில் பிடித்த நோன்பை இப்போது புழுக்கத்தில் பிடிக்கிறாள். நோன்புக்குத் தெரிந்த கணக்கை ரோஜாவுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்மா சொன்னது குளிரில் வந்த அந்த வருஷத்து ரஜப்பை. மகள் அதை ஆயுசுக்கும் எழுதி வாங்கிக்கொண்டாள். ரஜப்போ நகர்ந்து நகர்ந்து ஆனி மாதத்துக்கு வந்து நின்றது.

புரிந்ததால் குழப்பம் தீர்ந்துவிடவில்லை, கூடத்தான் செய்தது. ரஜப்பில் வெட்டாவிட்டால் அம்மா பேச்சை மீறினதாகுமா? வெட்டினால் அம்மா கொடுத்த செடியைக் கொன்றதாகுமா? அன்று கத்திரியை வைத்துவிட்டு எழுந்தாள். ரஜப் முழுக்க ஏதோ குற்றம் செய்தவள்போல வளைய வந்தாள்.

"குளிர் வர்ற வரைக்கும் பொறுங்க," என்று கேட்டாள்.

"குளிரும் பக்ரீத்தும் ஒண்ணாதான் வருது இந்த வருஷம்," என்றார் ஹயாத் பாஷா. அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகையில் விடியற்காலை காற்று சில்லிட்டது. அன்றைக்குத்தான் அஸ்திவாரம் தோண்டக் கொத்தனார் ஆரோக்கியசாமி வருவதாக ஏற்பாடு. நசீமுன்னிசா விடியும்போதே எழுந்து, பெட்டியின் அடியிலிருந்து அம்மாவின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கை கூசாமல் வெட்டினாள்.

"புடுங்கப் போற செடிக்கு இன்னா கவாத்து?" என்றாள் அக்தரி பேகம்.

நசீமுன்னிசா வெட்டின குச்சிகளை மண்ணெண்ணெய் டின்களில் மண் போட்டு நட்டாள். செடி காயத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ரஜப்பிலும் நட்டுப் பார்த்தவள்தான். இத்தனை காலத்தில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. கடப்பாரை சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வேரோடு எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்று ஆரோக்கியசாமி பக்குவமாகத்தான் தோண்டினான். பாதி வேர் உளுத்திருந்தது, மீதி ஒடிந்துபோயிற்று.

அறை எழும்பியது. பக்ரீத் வந்தது. உப்புப் போட்ட தோல்கள் கூரை வரைக்கும் குவிந்தன. டின்களுக்குத் தண்ணீர் ஊற்றினாளே தவிர, அவற்றை உற்றுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, மூன்று டின்களில் குச்சியின் கணுவில் சிவப்பாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. எறும்பு என்று நினைத்து விரலால் தட்டினாள். அது போகவில்லை.

மாசியில் ஒன்று மொட்டு விட்டது. பூத்த அன்று ஹயாத் பாஷா மண்டியிலிருந்து வந்து, தோல் அறையைச் சுற்றிக்கொண்டு போய் டின் பக்கத்தில் நின்றார். அக்தரி பேகமும் எட்டிப் பார்த்தாள். குல்கந்துக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"அடுத்த வருஷம் எப்போ வெட்டுவ?" என்று ஹயாத் பாஷா கேட்டார்.

பழக்கத்தில் "ரஜப்" என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்த மாதம் என்று அவளுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா சால்வை போத்திக்கற காலத்துல," என்றாள்.

"பெங்களூர்க் குளிர் நம்ம ஆம்பூருக்கு வருமா?"

"வந்துச்சே," என்று சொல்லிவிட்டு, டின்னுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.