வேலிக்கு வெளியே ஓடிய பிக்கப்

சூடேறிய சின்ன மோட்டருக்கு ஒரு வாசனை உண்டு. எண்ணெயும் கருகிய செம்பும் கலந்து, லேசாக இனித்துக்கொண்டு மூக்கில் ஒட்டிக்கொள்ளும் வாசனை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்கு அடுத்த எங்கள் ஊரில், என்னை வெளியே விடாமல் வைத்திருந்த மாதங்கள் முழுக்க என் விரல்களில் அந்த வாசனைதான் இருந்தது.

நான் பெரியபிள்ளை ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வாப்பா சவுதியில் ஒரு கம்பனியின் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்பவர் உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா. எழுத வாசிக்கத் தெரிகிறது, பொம்புளப் புள்ளைக்கு அது போதும் என்பது அவருடைய கதை. உம்மா மட்டும் எனக்கு ஒரு வாக்குத் தந்திருந்தார். ஜனவரியில் புதிய வகுப்புத் தொடங்கும்வரை நான் "கடப்பை"த் தாண்டாமல், அதாவது தென்னங்கிடுகு வேலியில் தெரு ஒழுங்கைக்குத் திறக்கும் வாசலைத் தாண்டாமல், ஊரார் ஒரு சொல் சொல்ல இடம் வைக்காமல் இருந்தால், காக்காவிடம் இன்னொரு தரம் கதைத்துப் பார்ப்பதாக. அந்த ஒரு வாக்குக்காக நான் வீட்டு வளவுக்குள் காலடி எண்ணி நடந்தேன்.

அந்தக் காலத்தில்தான் தம்பியின் கார் என் கைக்கு வந்தது. வாப்பா விடுமுறையில் கொண்டுவந்த, ரிமோட்டில் ஓடும் சிவப்புக் கார் அது. தம்பி அதைக் கிணற்றுக் கட்டில் மோதி, மேல்கூட்டைச் சுக்குநூறாக்கிவிட்டு, பட்டம் விடப் போய்விட்டான். அடித்தட்டும் நாலு சில்லுகளும் மோட்டரும் பிழைத்திருந்தன. அந்த ரிமோட்டில் ஒரேயொரு பொத்தான்தான் இருந்தது. சுவிச்சைப் போட்டால் வண்டி தன்பாட்டில் முன்னால் ஓடும்; பொத்தானை அமுக்கினால் பின்னால் வந்து திரும்பும்; விட்டால் திரும்பிய திசையில் மறுபடி ஓடும். ஆகவே, அதற்கு நாம் இடக்கூடிய ஒரே கட்டளை "திரும்பி வா" என்பதுதான்.

இந்த அடித்தட்டின்மேல் வாப்பாவின் பிக்கப்பைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். வாப்பா அனுப்பிய படமொன்றில் அந்த வெள்ளைப் பிக்கப் பக்கவாட்டில் நின்றது, சிவப்புக் கோடு ஓடியது, வாப்பா அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். வாப்பாவின் உயரம் எனக்குத் தெரியும். அதை வைத்துக் கணக்குப் பார்த்து, பால்மா டின்னை வெட்டி, ஓரங்களை மடித்துக் கூடு செய்தேன். வைத்துப் பார்த்தால் சில்லுகள் கூட்டுக்குள் அடங்கவில்லை. இரண்டு நாள் மூளையைக் குழப்பிய பிறகுதான் விளங்கியது, படம் பிடித்தவனுக்குக் கிட்ட நின்றதால் வாப்பா பெரிதாகவும் பிக்கப் சின்னதாகவும் விழுந்திருக்கிறார்கள் என்று. வாப்பாவை விட்டுவிட்டுச் சில்லை அளவாக எடுத்தேன். ஒரு பிக்கப்பின் நீளத்தில் எத்தனை சில்லு அடங்கும் என்று படத்தில் பார்த்து, மறுபடி வெட்டினேன்.

இரண்டாவது கூடு அச்சொட்டாக வந்தது. ஆனால் தகரத்தின் பாரத்தில் மோட்டர் முனகியது, பெட்டரி ஒரு பின்னேரத்திலேயே செத்தது. டிரைவர் இருக்கும் முன்பகுதியை மட்டும் தகரத்தில் வைத்துக்கொண்டு, சாமான் ஏற்றும் பின்பெட்டியைப் புதுச் சேட்டு மடித்து வந்த பெட்டியின் அட்டையில் மடித்து, சுவருக்குப் பூசி மிஞ்சிய வெள்ளையைப் பூசினேன். ஜன்னல்களுக்கு வாப்பா பேசி அனுப்பிய கசட்டுகளின் பிளாஸ்டிக் மூடிகளை வெட்டினேன், விளக்குகளுக்குச் சேட்டுப் பொத்தான்கள் வைத்தேன், உம்மாவின் நகப்பூச்சில் சிவப்புக் கோடு இழுத்தேன். பிள்ளை சத்தமில்லாமல் ஒரு மூலையில் கிடக்கிறாள் என்ற ஆறுதலில் உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வளவுக்குள் ஓட்டி எனக்கு அலுத்துப்போனது. வேலியின் அடியில் கோழி புகுந்து வரும் ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பிக்கப்பை ஒழுங்கைக்கு விட்டு, கிடுகை விலக்கிப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கித் திருப்பி எடுத்தேன். நான் போகக் கூடாத ஒழுங்கையில் என் கையால் செய்தது போய்வந்தது. முதல் நாள் எதிர்வீட்டு முருங்கை வரைக்கும், பிறகு மின்கம்பம் வரைக்கும். ரிமோட்டின் ஏரியலில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொய்யாக் கொப்பில் கட்டியதும் வண்டி இன்னும் கொஞ்சத் தூரத்திலும் சொல் கேட்டது.

டிசம்பரில் மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். நனைந்த மண் இறுகி, ஒழுங்கை சீமெந்துத் தரைபோலக் கிடந்தது. மாமா ரேடியோவுக்கு வாங்கிவைத்த புதுப் பெட்டரிகளை வண்டிக்குப் போட்டு ஓட்டையால் வெளியே விட்டேன். அப்படியொரு ஓட்டத்தை நான் அதில் கண்டதே இல்லை. மின்கம்பத்தடியில் பொத்தானை அமுக்கினேன். திரும்பவில்லை. நகம் வெளுக்க மறுபடி அமுக்கினேன். அது முன்னால் மட்டுமே ஓடியது.

ஒழுங்கை நேராகப் பெரிய ரோட்டில் போய் முட்டும். அக்கரைப்பற்று பஸ்ஸும் நெல் லொறியும் போகிற ரோட்டு. முட்டும் சந்தியில் பள்ளிவாசல். பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம்.

எங்கள் பக்கத்தில் வளவுக்கும் வளவுக்கும் இடையிலுள்ள வேலியில், பெண்கள் ஒழுங்கையில் இறங்காமலே போய்வர இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்குள்ளால் ஓடினேன். முதல் வளவில் காயப்போட்ட உடுப்பு முகத்தில் அடித்தது, அடுத்ததில் ஆடு மிரண்டது, அதற்கடுத்ததில் மாவிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் உலக்கையோடு நிமிர்ந்து, "என்ன கா, ஆருக்கு என்ன?" என்று கேட்டார்கள். நிற்காமல் ஓடினேன். கிடுகு நீக்கலால் பார்க்கும்போதெல்லாம் வெளியே பிக்கப் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வளவோடு அந்தப் பெண்கள் வழி முடிந்தது. அதற்கப்பால் சந்தி.

நீக்கலில் கண்ணை வைத்தேன். தொழப் போன ஆண்கள் விலகி நிற்க, வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக ஒருவர் குனிந்து பிக்கப்பைத் தூக்கினார். மாமா. சில்லுகள் அவர் கையில் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"டிரைவர் இல்லாம வருது மச்சான், லைசன் இரிக்கா எண்டு கேளுங்க" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் அது சவுதிக்காரர்ட மகன்ட சாமானாக இருக்கும் என்றார். மாமா சிரிக்கவில்லை. தொழுகைக்கு நேரமாகிறது, கையில் இருப்பது நிற்க மாட்டேன் என்கிறது. கவிழ்த்தார், குலுக்கினார், தட்டிப் பார்த்தார். பிறகு அடியில் தெரிந்த வயர்களை ஒன்றாகப் பிடித்து விரலில் சுற்றினார்.

வேலிக்குள்ளேயே நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தம்பியின் சாமான், தம்பியின் குழப்படி என்று போயிருக்கும். ஜனவரி வரைக்கும் நான் நல்ல பிள்ளை. இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்தக் கடைசி வளவின் கடப்பு திறந்த சத்தம் கேட்டது, நான் ரோட்டில் நின்றேன்.

"மாமா, வயர இழுக்காதீங்க. அடியில சுவிச் இரிக்கி."

மாமா என்னைப் பார்த்தபடியே விரலால் தடவினார். சுவிச் அணைந்தது. சில்லுகள் நின்ற பிறகுதான், பள்ளிவாசல் ஹவுல் தொட்டியில் யாரோ ஒளுச் செய்யக் கைகால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"வீட்ட போ" என்றார். பிக்கப்பைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழப் போனார். நான் வேலிகளுக்குள்ளால் போகவில்லை. இனி யாருக்கு ஒளிப்பது? ஒழுங்கையின் நடுவால் நடந்து போனேன்.

எனக்கு முன்னமே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. உம்மா அடிக்கவில்லை, இனி நான் எந்த முகத்தோட காக்காவிட்டக் கதைக்கிற என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

மாமா தொழுதுவிட்டு வந்து பிக்கப்பை மேசையில் வைத்தார். ஏச்சு வரும் என்று குனிந்து நின்ற என்னிடம், "ஏன் அது நிக்கல்ல?" என்று கேட்டார்.

"புதுப் பெட்டரிய வண்டிக்குப் போட்டுட்டன் மாமா. ரிமோட்டுல கிடந்த பழசு. வண்டி கெதியா ஓடிட்டு, ரிமோட்டுட சக்தி அங்க போய்ச் சேரல்ல. மாறிப் போட்டிருக்கணும்."

"இத உனக்கு ஆரு படிச்சித் தந்த?"

"ஆருமில்ல. மோட்டரப் பத்தி விஞ்ஞானப் புத்தகத்துல கொஞ்சம் இரிக்கி. ரேடியோ மேல் வகுப்புலதான் வருமாம்."

குசினிக்குள்ளிருந்து உம்மா, பெரியவங்களோட வாய்க்கு வாய் கதைக்காத என்று அதட்டினார். மாமா ஏரியலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். அதன் பிறகு அவர் வந்த நாட்களிலெல்லாம் நெல் விலையும் மழையும் கதைத்தார்களே தவிர, என் கதை வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். டிசம்பர் கரைந்துகொண்டிருந்தது.

ஜனவரி பிறந்த பிறகு ஒருநாள், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பும்போது, வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னார்.

"தங்கச்சி, திங்கக்கிழம புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வீட்டுக்குள்ள வெச்சிரிந்தா மறுகா என்னத்தக் கட்டி ரோட்டுல உடுவாளோ தெரியா."

தம்பி கூடப் போக வேண்டும், நேரே போய் நேரே வர வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அடுத்த விடுமுறையில் வந்த வாப்பா பிக்கப்பைக் கையில் ஏந்திப் பார்த்து, அங்கே டிரைவர் இடப்பக்கம்தான் இருப்பான் மகள் என்று சொல்லிச் சிரித்தார். நான் ஸ்டியரிங்கை எங்கள் ஊர் பஸ்ஸில் இருக்கிற பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளை உடுப்போடு தம்பிக்குப் பின்னால் நடந்தபோது, இரண்டு பக்கக் கிடுகுகளும் அங்கங்கே மெல்ல விலகின. முன்பு வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களின் கண்கள். ஒருத்தி என் பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை; நேரே போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

இன்று அந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று. காலையில் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு கூட்டமாகப் போகிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். என்னைக் கூப்பிட்டவளின் பேத்தியும் அதில் ஒருத்தி. கிடுகு வேலி ஒன்றுகூட மிச்சமில்லை. வேலி போனதற்காக நான் கவலைப்படவில்லை. அன்று அதற்குள் நின்று என்னைக் கூப்பிட்டவளுக்கு அது பிந்திப் போனது, அதுதான் கவலை.