ஒண்டிக்கட்டையும் ஜோடிப் பெட்டியும்

அலுவலகத்தில் அவருக்கு ஒண்டிக்கட்டை என்று பெயர். வெளியூரில் மனைவியும் பதினோரு வயது மகளும் இருக்கும் மனிதருக்கு இந்தப் பெயர் ஏன் என்றால், அவர் காக்கும் ஃபயர்வாலும் ஒற்றை, அதைத் தெரிந்த ஆளும் ஒற்றை. நானூறு பேரின் இணையத்துக்கும் அந்த ஒரு பெட்டிதான் வாசல். அது தும்மினால் இவர் ஓட வேண்டும். அதனால் நான்கு வருடமாக மூன்று நாளுக்கு மேல் விடுப்பே கிடையாது. போன முறை வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்த மகள், "அம்மா, அப்பா வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். விருந்தாளி வந்தால் அப்படித்தான் சொல்வாள். அது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு பெட்டி வாங்குங்கள், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும், நானும் வீட்டுக்குப் போய் வருவேன் என்று கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்துப்போனது. ஒருவழியாகப் பெட்டி வந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் இரண்டையும் இணைத்துச் சோதித்துக் காட்டினால் ஒரு மாத விடுப்பு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் மேலாளர்.

இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் கோத்தார். அதன் வழியாக இரண்டும் நொடிக்கொரு தரம் 'இருக்கியா', 'இருக்கேன்' என்று விசாரித்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கொடுத்து வைத்த பெட்டிகள். இவர் அனுப்பும் 'இருக்கியா'வுக்கு மனைவியின் பதில் வரச் சில சமயம் மறுநாள் ஆகிவிடும்.

அவசரத்தில்தான் சறுக்கினார். பழைய பெட்டிக்கு ஒன்று, புதியதற்கு இரண்டு என்று முன்னுரிமை எண் கொடுத்தார். நமக்கு ஒன்றுதான் மூத்தது. இந்தப் பெட்டிகளுக்கோ பெரிய எண்தான் மூத்தது. மூத்ததாகிப்போன புதிய பெட்டி, தன்னிடமிருந்த வெறுமையைப் பழையதற்குள் அப்படியே நகல் எடுத்துவிட்டது. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று நான்கு வருடமாக எழுதிய விதிகள் எல்லாம் போயின. அப்போது மணி மூன்றேகால். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் எடுத்து வைத்த பேக்கப்தான் மானத்தைக் காப்பாற்றியது. எண்களைத் திருத்தி எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது நாலேமுக்கால்.

சோதனைக்காக அலுவலக இணையத்திலேயே மனைவியை வீடியோவில் அழைத்தார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய பெட்டியின் பவர் ஒயரைப் பிடுங்கினார். படம் ஒரு கணம் நின்றது, பிறகு அவள் மிச்சத்தைப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்த மேலாளர் தலையாட்டிவிட்டு விடுப்புக்குக் கையெழுத்துப் போடப் போனார்.

"இனிமே நான் இல்லேன்னாலும் இங்க ஓடும். ஒரு மாசம் அங்க வரேன்."

மனைவி, "இங்கயும் நீங்க இல்லாம ஓடப் பழகிடுச்சுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வாங்க. ஆனா வந்தவுடனே எல்லாத்தையும் மாத்தாதீங்க."

ஒன்றும் தெரியாத புதுப் பெட்டியை மூத்ததாக்கினால் என்ன ஆகும் என்று இன்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இல்ல, அங்க நீதான் மூத்தவ. நான் உன்னப் பாத்துக் கத்துக்கறேன்" என்றார்.

அவள் சிரித்தது கேட்டது. ஒயரைத் திரும்பச் செருகினார். பழைய பெட்டி எழுந்து தன் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது படம் மறுபடி நின்றது. அதற்குள் மகள் ஓடி வந்திருக்க வேண்டும். குரல் மட்டும் வந்தது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்று சொல்ல அவருக்கு ஒரு நொடிக்கு மேலேயே ஆயிற்று.