பீப்பாயில் கரைத்த பிள்ளையார்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுத வந்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். ஒரு கடிதம் போடுவதென்றால்கூட மகனுடைய சிலேட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுவேன். அப்படிப்பட்டவள் பிறர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்த ஒரு சங்கதியை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. இனிமேல் சொல்லவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ஆற்றை ஒட்டி ஒரு நீராவிச் சலவைக்கூடம் இருந்தது. முதலாளி ஒரு சீனர், எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் அங்கேதான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைப்பது இயந்திரம். அதற்கு இங்கிலீஷில் என்ன பேரோ, நாங்கள் பீப்பாய் என்றுதான் சொல்வோம். பித்தளைப் பட்டை அடித்த பெரிய மரப் பீப்பாயைப் படுக்கவைத்தது மாதிரி இருக்கும். அதற்குள்ளே துளை போட்ட இன்னொரு பீப்பாய். தோல் பெல்ட் இழுக்க, உள்பீப்பாய் நாலு சுற்று வலப்பக்கம் போகும், நின்று மூச்சு விட்டு நாலு சுற்று இடப்பக்கம் வரும். அப்பா அதற்கு மெஷின்காரர். சித்தப்பா கொதிகலனுக்கு விறகு போடுகிறவர். கூடத்துக்குப் பின்னால் தவுக்கே கொடுத்த ஒற்றை அறையில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நாலு பேரும் இருந்தோம்.

பீப்பாய்க்கு அடிக்கடி சீக்கு வரும். மழைநாளில் பெல்ட் தளர்ந்து வழுக்கும். அப்பா குங்கிலியத்தைப் பொடித்துத் தேய்ப்பார். துணியை ஒரே பக்கமாகத் திணித்துவிட்டால் தரையே அதிரும்படி குதிக்கும். நிறுத்திப் பிரித்துப் போடுவார். தண்ணீர் வடியாவிட்டால் அடிக்குழாயில் கையை விட்டுச் சட்டைப் பொத்தானையும் பல்குத்தும் குச்சியையும் எடுத்துக் காட்டுவார். திரும்பிச் சுற்றும் கொக்கி மாட்டிக்கொண்டால் விரிப்புகளெல்லாம் தேர்வடம்போல முறுக்கிக்கொள்ளும். அதற்கும் ஒரு சுத்தியல் தட்டு வைத்திருந்தார். காதை வைத்துக் கேட்டே எந்தச் சீக்கு என்று சொல்லிவிடுவார்.

அந்தத் திறமையை நம்பித்தான் நாங்கள் பிழைத்திருந்தோம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்த காலம் அது. வேலை போனவர்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். காப்பார் பக்கம் தோட்டத்திலிருந்த சித்தப்பாவுக்கு அப்படிப் பேர் வந்தபோது, அப்பாதான் தவுக்கேயிடம் கெஞ்சி அவரைக் கொதிகலன் வேலைக்குச் சேர்த்தார். வேலை போனால் அறையும் போகும், அறை போனால் கப்பல்தான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பீப்பாயைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். தவுக்கேயும் வந்து மூன்று ஊதுபத்தி செருகிவிட்டுப் போனார். மஞ்சள் பிள்ளையாரை அம்மா எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் பிடித்தாள். சித்தப்பா பார்த்துவிட்டு, “என்னா அண்ணி, இவ்வளவு பெரிய மெஷினுக்கு இத்துனூண்டு சாமியா? பீப்பா இவரப் பார்த்துச் சிரிக்கும்லா,” என்றார். பொட்டலத்திலிருந்த மஞ்சள்தூளை மொத்தமாகக் கொட்டிக் குழைத்து, மாம்பழம் அளவுக்கு ஒரு பிள்ளையாரைப் பிடித்து மேலே உட்காரவைத்தார். அப்பா முறைத்தார். சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி, இவருக்கும் கொஞ்சம் சிரிப்பக் குடு,” என்றார்.

மறுநாள் விடியற்காலை வேலை தொடங்கியது. ஒரு ஹோட்டலில் அன்று இரவு வெள்ளைக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. அதற்கான மேசை விரிப்புகள் மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா பிள்ளையாரை வெற்றிலையோடு எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“நல்ல தண்ணியில கரைச்சிட்டு வா. சாக்கடையில போட்டுடாத. ஆத்துப் பக்கம் கால் வைக்கவே கூடாது, வெள்ளம் போகுது.”

நான் யோசித்தேன். குழாய்த் தண்ணீர் விழுவது சாக்கடையில். ஆற்றுக்குப் போகக் கூடாது. அந்த இடத்தில் நல்ல தண்ணீர் என்றால் பீப்பாயில்தான் இருந்தது. அப்பா விரிப்புகளைப் போட்டுக் கதவை மூடித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நீராவி எப்போது வரும் என்று கேட்கக் கொதிகலன் பக்கம் போயிருந்தார். சவுக்காரக் கரைசல் ஊற்றுவதற்கு மேலே புனல்போல ஒரு வாய் உண்டு. பெட்டி மேல் ஏறி நின்று, பிள்ளையாரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து அதில் போட்டேன். அப்பாவுடைய மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கையெல்லாம் மஞ்சள். பூஜைக்கு மறுநாள் எந்தப் பெண்பிள்ளை கைதான் மஞ்சளாக இல்லை?

அப்பா வந்து சவுக்காரமும் சலவை சோடாவும் ஊற்றினார். நீராவியைத் திறந்தார். பீப்பாய் ஓடியது. அரை மணி கழித்து நிறுத்திக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

விரிப்புகள் சிவந்து கிடந்தன. செங்கல்லைக் கரைத்து ஊற்றியது மாதிரி, ஒரு மூலை பாக்கியில்லாமல் சிவப்பு.

தவுக்கே ஓடிவந்தார். “ஆப்பா இனி? ஆப்பா இனி?” என்று கத்தினார். என்ன இது, என்ன இது என்று. அப்பா “சாபார், தவுக்கே,” என்று மட்டும் சொன்னார். பொறுமை, பொறுமை. தவுக்கே பொறுக்கவில்லை. மாலைக்குள் வெளுக்காவிட்டால் ஹோட்டல் கைவிட்டுப் போகும், நீயும் போவாய் என்று சொல்லிவிட்டு, ஹோட்டலில் தவணை கேட்க ரிக்‌ஷா ஏறிப் போனார்.

அப்பா வரிசையாகப் பார்த்தார். குழாய்த் தண்ணீரை வெள்ளைப் பீங்கானில் பிடித்தார், தெளிவாக இருந்தது. நீராவிக் குழாயின் மூட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். துரு என்றால் திட்டுத் திட்டாக விழும், இப்படி ஒரே சீராகப் பிடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சவுக்காரத்தைக் கண்ணாடிக் குவளையில் கரைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பீப்பாய்க்கு வெளியே வைத்த குங்குமத்தை விடிவதற்கு முன்னே தன் கையாலேயே துடைத்திருந்தார். விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். நடுவே சாயத் துணி ஒன்றும் இல்லை. அவர் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அப்படி நான் அவரைப் பார்த்ததில்லை.

இயந்திரத்தில் இல்லையென்றால் ஆளிடம்தான் இருக்க வேண்டும். சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“வெத்தல துப்பினியா?”

“என்னாண்ணே, சாமி வச்ச எடத்துலயா?”

சித்தப்பா கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். அப்பா அதைப் பிடுங்கி விரலால் தடவிப் பார்த்தார். கொதிகலன் சூட்டில் அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. அதைத் திருப்பி அவர் தோளில் எறிந்தார். பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

“நீ செவப்பா எதையாச்சும் உள்ள போட்டியா? நெசமாச் சொல்லு, அடிக்க மாட்டேன்.”

“இல்லப்பா. சத்தியமா செவப்பா ஒண்ணும் போடல.”

அது உண்மை. நான் போட்டது மஞ்சள்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். ஓரத்தில் கட்டிச் சவுக்காரத்தைத் தேய்த்தாள். அந்த இடம் இன்னும் சிவந்தது. பூஜையில் மீந்த எலுமிச்சம்பழத்தைக் கடித்து அதன்மேல் பிழிந்தாள். சிவப்பு போய் அந்த இடம் மஞ்சளானது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“பிள்ளையார எங்கடி கரைச்ச?”

“நல்ல தண்ணியிலதாம்மா.”

எந்தத் தண்ணீர் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சித்தப்பா என் கையைப் பார்த்தார். பிறகு சட்டென்று, “அண்ணி, புளிப்புதான வேணும்? நான் ஓடிப் போய் வாங்கியாறேன்,” என்று கிளம்பிவிட்டார்.

சித்தப்பா கடைக்கடையாக ஓடிச் சீனக் காடியும் கூடை நிறைய எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். காடி ஊற்றிப் பீப்பாயை ஓட்டினார்கள். சிவப்பெல்லாம் மஞ்சளாயிற்று. இனி வெயில்தான் அதைத் தின்ன வேண்டும் என்றாள் அம்மா. பின்னாலிருந்த லாலான் புல்வெளியில் ஈரத்தோடு விரித்தோம். காய்ந்தால் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அந்த மாதத்தில் தினமும் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். அப்பா துணியைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். ஒரு மணிக்கு விரிப்புகள் வாழைக்குருத்து நிறத்தில் இருந்தன. இரண்டு மணிக்கு மேற்கே கிள்ளான் பக்கம் கறுத்தது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,” என்று அம்மா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது மேகத்திடமா வெயிலிடமா, தெரியாது. முதல் துளி விழுந்ததும் நாலு பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். பெரும்பாலானவை வெளுத்துவிட்டன. ஓரத்தில் கிடந்த சிலவற்றில் மட்டும் மஞ்சள் மிச்சம் இருந்தது.

இஸ்திரி போட்டு அனுப்பினார்கள். ஆறரை மணிக்குத் தவுக்கே திரும்பிவந்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. விரிப்பை வைத்துக்கொண்டார்களாம். ஆனால் இதற்குக் காரணமான ஆளை வெளியேற்றினால்தான் இனித் துணி வருமாம். “சியாப்பா?” என்று கேட்டார். யார்?

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு அடி முன்னால் வந்து, “தவுக்கே, சாயா...” என்று தொடங்கினார். மெஷினுக்குப் பொறுப்பு நான்தான் என்று சொல்லப்போகிறார் என்று எனக்கே புரிந்தது. அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வலித்தது.

அப்போது கொதிகலன் பக்கமிருந்து சித்தப்பா வந்தார். கையில் அந்தச் சிவப்புத் துண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தவுக்கே, சாயா பூஞா சாலா,” என்றார். என் தப்புதான். பிறகு தமிழில் அப்பாவைப் பார்த்து, “காலையில துணி போடறப்ப உள்ள விழுந்துடுச்சுண்ணே. எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன்,” என்றார்.

அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். ஒரே அறை. சத்தம் மழையை மீறிக் கேட்டது. தவுக்கே தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. என் கல்யாணத்துக்கு மறுநாள் கூறைப்புடவையின் மஞ்சள் கறையில் சவுக்காரம் போட்டபோதுதான் தெரிந்தது. அன்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தவர் அப்பாதானே என்பது உறைக்க இன்னும் பல வருடம் பிடித்தது. தெரிந்தே அடித்தாரா, தெரியாமல் அடித்தாரா? அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. கேட்கும் சுபாவம் எனக்கில்லை.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சித்தப்பாவின் கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. அதைப் பார்த்தும் கோபம் தணியவில்லை.

“ஒங்க துண்டாலதான் சித்தப்பா எல்லாம். அப்பாவுக்கு வேல போயிருக்கும். நான் கரைச்ச பிள்ளையார்தான் காப்பாத்தினாரு,” என்றேன்.

அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அப்பா தலை நிமிரவில்லை. சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆமாலா. அவருதான் காப்பாத்தினாரு. சாப்பிடு,” என்றார்.

நான் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி ரயிலில் சித்தப்பா கப்பல் ஏறுவதற்காகக் கிள்ளான் பக்கம் போனார். அப்பா வேலைக்குப் போனார். தலையணை உறைகள் வந்திருந்தன. அவற்றைத்தான் முதலில் போட்டார்கள்.