திண்டிவனத்து எரிமலை

இன்று விடியுமுன்னே ஓர் எரிமலை ஏறிவிட்டு வந்தேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எரிமலையா என்று கேட்காதீர்கள். நானும் அதையேதான் கேட்டேன்.

அழைத்துப்போனவர் எங்கள் கரி பஸ்ஸின் கண்டக்டர். கைக்குழந்தைக்கே அரை டிக்கெட் கேட்கிறவர், மலையில் சூரியோதயம் காட்டப் பயணிகள் எல்லோருக்கும் இலவசம் என்றார். அப்போதே எனக்கு உறுத்தியது.

"வழியில வெடிச்சிட்டா என்னய்யா பண்றது?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைல வெடிக்காதுங்க. ஜல்தியா ஏறுங்க, வெளுத்துக்கினு வருது."

சூரியன் நன்றாகத்தான் உதித்தது. ஆனால் உச்சியில் ஒரு மண்மேடு புகைந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், விறகை அடுக்கி மண் பூசிய கரி மூட்டம்.

"மலை மேல எரியுது. எரிமலை இல்லாம வேற என்னாங்க?" என்றார்.

இறங்கும்போது ஆளுக்கொரு கூடை, ஆறிய கரியாகப் பார்த்துத் தலையில் ஏற்றிவிட்டார். "யுத்தத்துல பெட்ரோலு ஏதுங்க? கரியிலதானே பஸ்ஸே ஓடுது. நாளைக்கு அதுல நீங்கதானே போவப் போறீங்க?"

வேட்டி நாசம்.

அடுத்த ஞாயிறு மரக்காணத்தில் கடலைக் காட்டுகிறாராம். அங்கே உப்பளத்தில் ஆளுக்கு எத்தனை மூட்டை என்பதை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.