மூன்று வருடப் பழைய போனின் ஓட்டை

என் வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள் ஆகிறது. அவர் குரல் அவர் போனில்தான் இருக்கிறது.

இன்று அதில் பேங்க் ஆப் திறக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு போன் கடையில் காட்டினேன்.

"போனோட அடி சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்குதுக்கா. திருடன் பூந்துடுவான், அதான் பேங்க் ஆப் திறக்கல."

"அடச்சிக் குடு தம்பி."

"கம்பெனிதான் அடைக்கணும். புது மாடலுக்கு அடச்சிட்டான், மூணு வருசப் பழசுக்கு அடைக்க மாட்டானாம். அண்ணன் குரல வேற போன்ல ஏத்தித் தரேன், இத தூக்கிப் போடு."

"அவர் கையில வச்சிருந்தத நான் ஏன்பா தூக்கிப் போடணும்? அடைக்கத் தெரிஞ்சிக்கினே அடைக்க மாட்டானா?"

அந்தத் தம்பியைத் திட்டி என்ன பயன்?

ஓட்டைச் சாக்கில் மல்லாட்டைக் கடலை கொண்டுபோனால் மார்க்கெட் கமிட்டியில் எங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். போனை விற்றுவிட்டு ஓட்டையை அடைக்க மாட்டேன் என்பவனைக் கேட்க எந்தக் கமிட்டி இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கே பஸ் ஏறுகிறேன்.